கை காட்டினால் நிற்கும் ரயில் பஸ்

தம்பிமாரே,

போன கிழமை உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பேசச் சொன்னீர்கள். நான் பேசியது எனக்கே விளங்கவில்லை. பிரேக்கில் தொடங்கி, நடுவில் ஏதோ ஒரு தேநீர்க் கடைக்குப் போய், கடைசியில் யாரையோ ஏசிவிட்டு இறங்கினேன். பின்வரிசையில் இருந்த ஒருவர், "ஐயா, தண்டவாளத்தில ஆள் நிண்டா என்ன செய்யிற?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். "பிரேக் பிடிக்கிற, வேறென்ன செய்யிற!" என்று அவர்மீது எரிந்து விழுந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் கேட்டது நல்ல கேள்வி. என்னிடம் இருப்பது ஒரு காலை நேரத்துக் கதை மட்டும்தான். அதை எழுதித் தருகிறேன். வாசிக்கும்போது குழப்பமாக இருந்தால் என்னைத் திட்டாதீர்கள். அந்தக் காலையே அப்படித்தான் இருந்தது.

உங்களில் சிலர் ரயில் பஸ் ஓட்டப்போகிறீர்கள். அது என்ன மாதிரியான வண்டி என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு ஒட்டவைத்து, ரப்பர் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லைப் போட்டது. முன்னாலும் சாரதி இருக்கை, பின்னாலும் சாரதி இருக்கை. ஸ்டியரிங் கிடையாது. பார்க்கிறவன் கண்ணுக்கு அது பஸ்தான். அதிலேதான் முழு வில்லங்கமும் இருக்கிறது. பெரிய ரயில் வந்தால் நிலம் அதிரும், ஆடு மாடு எல்லாம் விலகும், பிள்ளையைத் தாய் இழுத்துப் பிடிப்பாள். ரயில் பஸ்ஸுக்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் பயப்படுவதில்லை. கொழும்பு பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி அதற்கும் கை காட்டுவார்கள்.

நானும் நிறுத்தினேன். அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் வயல்களின் நடுவே ஓடும் பாதை அது. முதன்முதல் நிறுத்தியது ஒரு மாரி மழையில். காய்ச்சல்காரப் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஒரு தாய் தண்டவாளக் கரையில் நின்று கை காட்டினாள். அவளை விட்டுவிட்டுப் போக எந்த மனிசனுக்கு மனம் வரும்? நிறுத்தினேன். அடுத்த கிழமை அதே இடத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நின்றார். பிறகு தயிர் முட்டியோடு ஒருவர். இரண்டு வருசத்துக்குள் நேர அட்டவணையில் இல்லாத ஒன்பது தரிப்பிடங்கள் எனக்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் எந்த நாளில் யார் ஏறுவார், எங்கே இறங்குவார் என்பதெல்லாம் மனப்பாடம். "கை காட்டினா நிக்கிற டிரைவர்" என்று எனக்குப் பேர் வந்தது. எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை, நல்லாகவே பிடித்திருந்தது.

என்னோடு கார்டாக வந்தவர் பாரூக் நானா, ஏறாவூர்க்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒவ்வொரு முறை நான் நிறுத்தும்போதும் பின்னாலிருந்து கத்துவார்.

"தம்பி, இது ரயிலா, ஓட்டோவா?"

கத்திக்கொண்டே இறங்கி, வயதானவர்களின் பையை வாங்கி உள்ளே வைப்பார். அவருக்கும் அந்தப் பேரில் கொஞ்சம் பங்கு உண்டு.

இப்போது நான் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். ரயில் பஸ்ஸின் கதவு முகப்பில் இல்லை. முகப்பு ஆளைத் தாண்டிப்போய் நின்றால்தான் கதவு ஆளுக்கு நேரே வரும். தண்டவாளக் கரை முழுக்க முள்ளும் சரிவும் என்பதால், சனம் தண்டவாளத்துக்கு நடுவே சிலீப்பர் கட்டையில்தான் நிற்கும். அங்கே நின்று கை காட்டும். நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவர்களை நோக்கியே வருவேன். நாலைந்து யார் தூரத்தில் வரும்போது அவர்கள் இடப்பக்கம் ஒரு அடி விலகுவார்கள். முகப்பு அவர்களைக் கடக்கும். கதவு அவர்கள் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் என்னைப் பழக்கினார்கள், நான் அவர்களைப் பழக்கினேன். சரியாக ஆளுக்கு முன்னால் கதவைக் கொண்டுபோய் நிறுத்துவதை நான் ஒரு திறமையாக நினைத்திருந்தேன்.

இன்னொன்று. தெரிந்த ஆட்களுக்கு நான் ஹோர்ன் அடிப்பதில்லை. நாளாந்தம் காணும் மனிசருக்கு முன்னால் ஹோர்ன் அடிப்பது, வீட்டுக்கு வந்தவரை அதட்டுகிற மாதிரி எனக்குப் பட்டது. கையை உயர்த்திக் காட்டுவேன். கண்டுவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம்.

என்னுடைய ஒன்பது இடங்களில் ஒன்று ஒரு மருதமரத்தடி. அங்கே ஏறுகிறவர் தங்கேஸ்வரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு ஸ்டேசன் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிற வேலை. புருசன் இல்லை. மூன்று பிள்ளைகளும் அந்தச் சமையலில்தான் வளர்ந்தார்கள். ஏறியதும் கீரைக் கட்டை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் நின்று, அன்றைய பருப்பின் விலையிலிருந்து அதிபரின் கோபம் வரை எல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். எனக்குப் பாதி காதில் விழும், பாதி விழாது. "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அன்று மாசி மாதம். வயல்வட்டை முழுக்க வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் தண்டவாளக் கடவைகளைக் கடந்து கடந்து, தண்டவாளத்தின் மேலெல்லாம் வைக்கோல் சிந்திக் கிடந்தது. வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்பை நோக்கி வந்துகொண்டிருந்தேன். மருதமரத்துக்கு அப்பால் பாதை பற்றைகளுக்குள் வளைகிறது. வளைவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடவை. மருதமரத்துக்கு இப்பால் இருந்து பார்த்தால் கடவை தெரியாது.

மருதமரத்தடியில் தங்கேஸ்வரி நின்றார். தண்டவாளத்துக்கு நடுவே, சிலீப்பர் கட்டையில், வழமையான இடத்தில். கையை உயர்த்திக் காட்டினார். வாய் அசைந்தது. என்னைக் கண்ட சந்தோசத்தில் ஏதோ பகிடி சொல்கிறார் என்று நினைத்தேன். நானும் கையை உயர்த்திக் காட்டினேன்.

நடந்தது இதுதான். அவருடைய தம்பி வடிவேலின் உழவு இயந்திரம் மூட்டைகளோடு கடவையில் இறுகிவிட்டது. மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டியின் சில்லு கடவைப் பலகையிலிருந்து நழுவித் தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவே விழுந்து, முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. வடிவேலும் கூட வந்த ஆட்களும் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரயில் பஸ் ஏற வரும் வழியில் கடவைக்கு வந்துசேர்ந்த தங்கேஸ்வரி, நான் வரும் நேரம் என்று கண்டு, வளைவைத் தாண்டி என்னைத் தடுக்க ஓடிவந்தார். எங்கே நின்றால் நான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அதே மருதமரத்தடியில் வந்து நின்றார்.

அவர் காட்டியது, "நிப்பாட்டு, அங்கால மெசின் கிடக்கு" என்று. நான் கண்டது, "ஏறப்போறன், வாங்க" என்று. நான் கையை உயர்த்தியது, "ஓம், கதவைக் கொண்டுவாறன்" என்று. அவர் கண்டது, "விளங்கிட்டு, நிப்பாட்டுறன்" என்று. அவர் நிம்மதியாகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளைவுப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"தம்பி! டிரைவர் கண்டுட்டார்! நிப்பாட்டிட்டார்!"

அதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும். ஏன் திரும்பி நிற்கிறார்? சரி, விலகுவார். விலகத்தானே வேண்டும்? தினமும் விலகுகிறவர். இன்னும் ஆறு யார். விலகுவார். நான்கு யார். அப்போதுதான் பிரேக்கை முழுவதுமாக மிதித்தேன், ஹோர்னில் கையை வைத்தேன். வைக்கோலில் ஏறிய இரும்புச் சில்லு வழுக்கியது. ஹோர்ன் சத்தத்துக்கு அவர் ஓடவில்லை. திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பிய முகத்தை நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அடுத்து முகம் இல்லை.

வேகம் ஒன்றும் பெரிதில்லை, மனிசன் ஓடுகிற வேகம்கூட இல்லை. அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். மெதுவாகத்தானே போகிறோம் என்ற எண்ணம் எங்கள் தொழிலில் பெரிய பொய். தட்டையான முகப்பு ஆளைத் தள்ளி விழுத்தும், பிறகு மேலே வரும். கார் என்றால் ஆள் பக்கத்தில் தூக்கி எறியப்படலாம். எங்களுடையது எந்தப் பக்கமும் திரும்பாது.

வண்டி நின்றது. நான் இறங்கினேனா, விழுந்தேனா தெரியாது. அவருடைய தலையும் தோளும் முகப்புக்கு வெளியே, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே கிடந்தன. இடுப்புக்குக் கீழே வண்டிக்கு அடியில். பாரூக் நானா என்னை முந்திக்கொண்டு தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பேசுறா, பேசுறா! உசிரோட இரிக்கா!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அதற்குள் வயலிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். கத்தியோடும் கதிரோடும் இருபது பேராவது இருக்கும். பயணிகளும் இறங்கிவிட்டார்கள். ஒருவன் "முன்னுக்கு எடு" என்றான். ஒருவன் "ஆட்டாத" என்றான். நாலு பேர் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சரிக்கலாம் என்று வண்டியில் தோளைக் கொடுத்தார்கள். வடிவேல் வந்தான். அக்காவைக் கண்டான். என் சட்டையைப் பிடித்தான்.

"பாத்திட்டு நிக்கிறாய்! பின்னுக்கு எடு! பின்னுக்கு எடுடா!"

நான் ஏறினேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், ஏறி இருக்கையில் குந்தி, பின்னே எடுப்பதற்காகக் கியரில் கையையும் வைத்துவிட்டேன். எனக்கு மூளையே இல்லை அந்த நேரம். இருபது பேர் சொல்கிறார்கள், இரத்த உரித்துக்காரன் சொல்கிறான், எடுத்தால்தானே ஆள் வெளியே வருவாள்? அதிலும் எனக்குப் பின் எது, முன் எது என்று ஒரு கணம் தெரியாமல் போய்விட்டது. இரண்டு பக்கமும் முகப்பு உள்ள வண்டியில் பல வருசம் வேலை செய்தவன், என் வண்டி எந்தப் பக்கம் போகப்போகிறது என்று சொல்லத் தெரியாமல் இருந்தேன்.

அந்தக் குழப்பம்தான் தங்கேஸ்வரியைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் என்று தெரியாததால் கையை எடுத்தேன். கையை எடுத்ததும் இன்னொரு எண்ணம் வந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லையே? எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். நீங்களும் குழம்பினால் முதலில் கையை எடுங்கள். குழம்புவது வெட்கமில்லை. குழம்பிக்கொண்டே வண்டியை அசைப்பதுதான் ஆளைக் கொல்லும்.

தரையில் படுத்துப் பார்த்தேன். சில்லு அவரைத் தொடவேயில்லை. முகப்புக்கு அடியில் குறுக்காக ஓடுகிற இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறதே, அது அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே ஏறி, சிலீப்பர் கட்டையோடு வைத்து நசுக்கிக்கொண்டிருந்தது. பின்னே எடுத்திருந்தால் அந்தச் சட்டம் காலைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். முன்னே எடுத்திருந்தால் ஆளையே உருட்டியிருக்கும். மேலே தூக்குவதைத் தவிர வழியில்லை.

"அண்ணன்," என்றார் தங்கேஸ்வரி. குரல் சாதாரணமாக இருந்தது. "என்ட காலுக்கு மேல ஏதோ கிடக்கு. எடுத்து விடுங்களன்."

"எடுக்கிறன் தங்கச்சி. அசையாம கிடங்க."

"மெசின் வெளிய வந்துட்டா?"

"வந்துட்டு," என்றேன். எந்த மெசின் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் எழும்புவதற்குள் வடிவேல் சாரதி இருக்கையில் ஏறிவிட்டான். திறப்பு என்னிடம் இருந்தாலும், அவன் பிரேக்கை விட்டு வண்டி ஒரு அங்குலம் உருண்டாலே போதும், கால் போய்விடும். நான் அவனை இழுத்து இறக்கி, கன்னத்தில் அறைந்தேன். எனக்கு முன்கோபம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடிபட்டுக் கிடக்கிறவளின் தம்பியை அடித்தது இன்றைக்கும் எனக்குச் சங்கடம். அவனும் திருப்பி அடித்தான். பாரூக் நானா நடுவே வந்தார். எனக்கு அப்போது ஏதோ தோன்றி, அவனுடைய பிடரியைப் பிடித்துத் தரையில் அமத்தினேன்.

"பாருடா! உன்ட கண்ணால பாரு! பின்னுக்கு எடுத்தா என்ன நடக்கும் எண்டு நீயே சொல்லு!"

அவன் பார்த்தான். பிறகு அழத் தொடங்கினான்.

"நீ அக்காட தலைமாட்டில இரு," என்றேன். "கையைப் பிடிச்சுக்க. வேற ஒருத்தனையும் கிட்ட விடாத. வண்டியில தொடுறவன உதை."

அவன் அதைச் சரியாகச் செய்தான். அதுவரை எல்லாரையும்விடச் சத்தம் போட்டவன், அதன்பிறகு எல்லாரையும் அடக்கினான். பதறுகிறவனுக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும் என்று பின்னர் நான் பெரிய ஆள் மாதிரிச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அன்று அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அவனுடைய அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. எங்கேயாவது உட்காரவைக்க வேண்டியிருந்தது.

சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல்லும் கட்டையும் வைத்து அடைத்தோம். எங்கள் ஜெக் ஒன்று, உழவு இயந்திரத்தின் ஜெக் ஒன்று. முகப்பைக் கொஞ்சம் தூக்குவது, தூக்கிய இடைவெளியில் கட்டை வைப்பது, பிறகு இன்னும் கொஞ்சம் தூக்குவது. கட்டை வைக்காமல் தூக்காதீர்கள், ஜெக் நழுவினால் இரண்டாவது முறையும் அவர்மேல்தான் விழும். இருபது நிமிசம் என்று பாரூக் நானா பின்னர் சொன்னார். எனக்கு அது அரை நாள். இழுவைப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி வந்து, அவரை வளைக்காமல் அப்படியே அதில் இழுத்து எடுத்தோம்.

வெளியே வந்தார். கால் முறிந்திருந்தது. அது பார்த்தாலே தெரிந்தது. மற்றபடி பெரிதாக இரத்தம் இல்லை. தண்ணீர் கேட்டார். சேலையை இழுத்து மூடினார். சனம் கடவுளைக் கும்பிட்டது. ஒரு கிழவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் தண்டவாளத்தில் குந்தினேன்.

"கால்தானே," என்றான் வடிவேல். "இஞ்ச பக்கத்தில முறிவுக்குப் பத்துப்போடுற பரியாரியார் இருக்கார். கை கால் முறிஞ்சா நாங்க அவரிட்டத்தான் போற. ஆஸ்பத்திரிக்குப் போனா கம்பி வெச்சு ஊனமாக்கிப் போடுவானுகள்."

எல்லாரும் தலையாட்டினார்கள். தங்கேஸ்வரியும் தலையாட்டினார். பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பரியாரியாரிடம் போனால் மத்தியானம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். நல்ல தெளிவாகத்தான் சொன்னார். நானும் சரி என்று சொல்லவிருந்தேன். அவர் எங்காவது போய்விட்டால் போதும், என் கண்ணுக்கு முன்னால் இருந்து போய்விட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணன், மெசின் வெளிய வந்துட்டா?"

"வந்துட்டு தங்கச்சி."

ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"மெசின் வெளிய வந்துட்டா, அண்ணன்?"

அடியில் கிடந்தபோது கேட்டார், பலகையில் இழுக்கும்போது கேட்டார், இப்போது இரண்டு தரம். ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோல. பாரூக் நானாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் மெல்லத் தங்கேஸ்வரியின் தலைக்குப் பின்னால் கையை விட்டேன். கொண்டைக்குள் விரல் போனபோது பிசுபிசுத்தது. வண்டி அவரைத் தள்ளியபோது பின்மண்டை தண்டவாளத்தில் அடித்திருக்கிறது. கொண்டை இரத்தத்தை மறைத்துவிட்டது. நாங்கள் எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

இதையும் எழுதி வையுங்கள். ஆளை முதலில் அடிப்பது நாங்கள், இரண்டாவது அடிப்பது தரை. இரண்டாவது அடிதான் பலரைக் கொண்டுபோகிறது. எழும்பி இருக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள்.

வடிவேல் மறுபடியும் சண்டைக்கு வந்தான். வைத்தியம் படித்தவனா நீ என்று கேட்டான். இல்லை என்றேன். இவளை இந்தக் கோலத்துக்கு ஆக்கியவன் நீதானே என்று கேட்டான். ஓம் என்றேன். அவன் குனிந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தான். முன்னால் கடவை அடைபட்டுக் கிடந்தது. வயல் வரம்பால் அம்புலன்ஸ் வராது. பின்னால் விட்டுவந்த ஸ்டேசனுக்குத் தொலைபேசியில் சொல்லி அனுமதி எடுத்து, மறுபக்கச் சாரதி இருக்கையில் ஏறி, அவரைப் பலகையோடு உள்ளே கிடத்தி, வந்த வழியே திரும்பிப் போனேன். வழி முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டே போனேன். ஸ்டேசனில் அம்புலன்ஸ் நின்றது. ஏற்றும்போது அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்குள் இரத்தக் கசிவு என்று சொல்லி அன்றே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பரியாரியாரிடம் போயிருந்தால் பின்னேரம்வரை உயிரோடு இருந்திருக்கமாட்டார் என்று டொக்டர் வடிவேலிடம் சொன்னாராம். அவன் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு, அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். முதலில் அறைந்தது நான் என்பதை அவன் மறந்துவிட்டான்.

பிறகு விசாரணை. தங்கேஸ்வரி ஒரு கையைக் காட்டினாரா, இரண்டு கையையும் காட்டினாரா என்று கேட்டார்கள். இரண்டு கை என்று பாரூக் நானா சொன்னார். அவர் பின்னாலிருந்து எப்படிக் கண்டாரோ தெரியாது. நான் ஒரு கை என்றேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் ஒரு கைதான் தெரிகிறது. ஆனால் தினமும் அந்த ஒரு கையைப் பார்த்த கண் அது. அன்றைக்கு என்ன பார்த்தது என்று அதை நம்பிச் சத்தியம் செய்ய என்னால் முடியாது.

விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கேஸ்வரியிடம் எடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். என்னைக் காப்பாற்றுவதற்காகத் தங்கேஸ்வரி சொன்ன வாக்குமூலம் அது. என் வேலை போய்விடக்கூடாது என்று, தலையில் தையலோடு படுத்துக்கிடந்து, யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறார்.

"அந்த டிரைவர் நல்ல மனிசன். ஆர் கை காட்டினாலும் நிப்பாட்டுவார். ஒரு நாளும் நிப்பாட்டாமப் போனதில்ல. நிப்பாட்டுவார் எண்டு தெரிஞ்சுதான் நான் விலகாம நிண்டன்."

அதிகாரி கடதாசியை மடித்துவிட்டு, "இது உங்களுக்குச் சாதகமான வாக்குமூலம்," என்றார். நான் வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போகவில்லை. தண்டனை கொஞ்சம் கிடைத்தது. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

திரும்ப வண்டியில் ஏறிய நாளிலிருந்து ஒன்பது இடங்களிலும் நிறுத்துவதை விட்டேன். தண்டவாளத்தில் தலை ஒன்று தெரிந்தாலே ஹோர்ன். தெரிந்த ஆளா, தெரியாத ஆளா என்ற கணக்கே இல்லை. சனம் என்னை ஏசாத ஏச்சு இல்லை. விபத்தோடு பயந்துவிட்டான் என்றார்கள். தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். ஒரு வாத்தியார் என்னைப் பற்றி மேலிடத்துக்குக் கடிதமே எழுதினார். சட்டப்படி ஓடுகிறேன் என்று எனக்கு எதிராக முறைப்பாடு! பாரூக் நானாவுக்கும் என்மேல் மனத்தாங்கல்தான். "வேகத்தக் குறைச்சு, தள்ளி நிப்பாட்டி ஏத்தலாமே தம்பி," என்பார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். காய்ச்சல்காரப் பிள்ளையோடு நின்ற அந்தத் தாயை நினைத்தால் எனக்குச் சரி என்றுதான் படும். தண்டவாளத்தில் திரும்பிய அந்த முகத்தை நினைத்தால் இல்லை என்று படும். எந்த நாளில் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்து என் பதில் மாறும்.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு காலை, மருதமரத்தடியில் தங்கேஸ்வரி நின்றார். தண்டவாளத்தில் இல்லை. கரையில், நன்றாக விலகி, பொல்லொன்றை ஊன்றிக்கொண்டு. கீரைக் கட்டு காலடியில். கை காட்டினார். அன்று எத்தனை கை என்று எனக்குச் சந்தேகமே இல்லை, மற்றக் கையில் பொல்லு இருந்தது.

ஹோர்ன் அடித்தேன். என் கால் பிரேக்கின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. கடந்து போனேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது அவர் கையை இன்னும் இறக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவர் ஸ்டேசனில் நின்றார். மருதமரத்திலிருந்து ஸ்டேசனுக்கு ஒன்றரை மைல். பாரூக் நானா கையைக் கொடுத்து ஏற்றினார். தங்கேஸ்வரி வழமைபோல என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். பருப்பு விலை பேசவில்லை.

"அண்ணன், நேத்து என்னக் காணல்லயா?"

"கண்டன்."

"கண்டிட்டுமா போனீங்க?"

"ஓம்."

வண்டி புறப்பட நேரமாகிவிட்டது. அவர் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது காலைப் பிடித்து உருவிவிடத் தொடங்கினார்.

"இந்தக் காலோட ஒண்டரைக் கட்டை நடந்து வந்திருக்கன்," என்றார். "இனி ஒவ்வொரு நாளும் நடக்கவா?"

நான் முன்னால் இருந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம், தங்கச்சி," என்றேன். நான் ஓய்வுபெறும் வரை அவர் நடந்தார்.